ஓர் ஐப்பசி குடியிருங்கள், பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்

பழைய வீட்டைச் சீர்ப்படுத்திக் குடியேற ஆசைப்பட்டு எங்களிடம் யோசனை கேட்டு வரும் தம்பதிகளுக்கு, நானும் என் கணவரும் முதலில் சொல்வது இதுதான்: எதையும் இடிக்காதீர்கள், எதையும் பூசாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த வீட்டில் குடியிருந்து பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஊறுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது அல்லது வெளியேற மறுக்கிறது என்பதையெல்லாம் வடகிழக்குப் பருவமழை காட்டிக் கொடுத்துவிடும். சித்திரை வெயிலில் வீட்டைப் பார்த்துப் போடுகிற மதிப்பீடு பாதிக்கு மேல் ஊகம்தான்.

எங்கள் வீடு புவனகிரியில், என் அம்மாவழித் தாத்தா வாழ்ந்த வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று தெருவிலிருந்து பின்பக்கம் வரை நீளும் நாட்டு ஓட்டு வீடு. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தொட்டுக்கொண்டு போகிற ஊர் இது. நிலத்தடியில் எப்போதும் ஈரம் இருக்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டியபோது ஓடுகள் பறந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அதற்குப் பிறகு தெருவில் பலரும் ஓட்டைக் கழற்றிவிட்டுத் தளம் போட்டுக்கொண்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. புயலில் கூரை போனவருக்குக் கான்கிரீட் மேல் நம்பிக்கை வருவது இயல்பு.

நாங்கள் சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது உறவினர் எல்லோரும் சொன்னது, "இடிச்சுட்டு மேல ஒரு மாடியோட கட்டிடுங்க, ஒரே செலவு" என்பதுதான். இடிக்காமல் இருக்க எங்களுக்கு இருந்த காரணத்தில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. முக்கால் அடிக்கு மேல் கனமான செங்கல் சுவர், மேலே ஓடு, நடுவில் திறந்த முற்றம். மே மாதத்தில் பகலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடிகிற வீட்டை இடித்துவிட்டு, குளிர்சாதனம் இல்லாமல் தூங்க முடியாத வீட்டைக் கட்டுவானேன்?

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூர்வீக வீடு என்றால் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். கல்யாணமாகிப் போன அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் இதில் அடக்கம். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. "அவங்க கேக்க மாட்டாங்க" என்பது பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நான்கும் கையில் வந்தபின் தச்சரைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மாவும் மாமாக்களும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏணியைச் சுவரில் சாய்த்தோம்.

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் சுவர் எதனால் கட்டியது என்பது. நம் நாட்டில் சிமெண்ட் தொழிற்சாலை நிலைத்து நடக்கத் தொடங்கியதே 1914இல், குஜராத்தின் போர்பந்தரில். நம் பக்கத்துச் சிற்றூர்களின் கொத்தனார் கைக்கு அது சாதாரணமாக வந்து சேர இன்னும் பல காலம் ஆயிற்று. ஆகவே தாத்தா காலத்து வீடென்றால் அநேகமாகச் சுண்ணாம்புச் சாந்துதான். சாவியால் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, நடுவே கிளிஞ்சல் துணுக்கோடு உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், சாவி வழுக்கினால் சிமெண்ட்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடவும் செய்யும். மண்ணிலிருந்து செங்கல் வழியாக மேலேறும் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குள் காற்றில் ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே போக வழி இருக்காது. சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். கூடவே மண்ணில் இருக்கும் உப்பையும் தூக்கிக்கொண்டு போகும். சில வருடங்களில் இடுப்பு உயரத்தில் பூச்சு உப்பி, உப்புப் பூத்து, தட்டினால் பலகை பலகையாக விழும். "பழைய சுவரு, அதான் விழுது" என்று சொல்லி இன்னும் ஒரு தடவை சிமெண்டே பூசுவார்கள். எங்கள் கூடத்துக் கிழக்குச் சுவர் இப்படித்தான் இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் பூசிய சிமெண்ட் முழுவதையும் உரித்து எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் செங்கல்லை வெறுமையாகக் காயவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம் "ஏன் இப்படிக் கோரமா விட்டு வெச்சிருக்கீங்க" என்று கேட்டார்கள். காயவிடுவதுதான் அந்தச் சுவருக்கு வைத்தியம்.

தரையிலும் இதே கதைதான். வழுவழு என்று விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால் தரைவழி வெளியேறும் ஈரம் அத்தனையும் சுவருக்குத் திரும்பும். கூடத்தில் பழைய செங்கல் தளத்தையே எடுத்து, மணல் மாற்றி, சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி பதித்தோம். வழவழப்பு வேண்டுமென்றால் சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. எங்களுக்குக் கிடைத்த கொத்தனார் எழுபதைக் கடந்தவர், கோயில் மதில் வேலைகளுக்குப் போய்ப் பழகியவர். கொல்லையில் ஒரு குழி வெட்டச் சொன்னார். சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது கொதிக்கத் தொடங்கியது. அடுப்பில்லாமல் அப்படி ஒரு கொதிப்பு. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கண்ணாடி போடாமல் நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும், பார்வைக்கே ஆபத்து. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியிலேயே பல வாரம் ஊறவிட்டு, சலித்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு மணல் சேர்த்து அரைத்தார். இன்னொரு தொட்டியில் கடுக்காயைத் தட்டிப்போட்டு வெல்லத்தோடு புளிக்க வைத்த தண்ணீர் இருந்தது. கூடம் முழுக்க அந்தப் புளித்த வாசனை அடித்தது. குழைக்கிறபோது பச்சைத் தண்ணீருக்குப் பதில் அதைத்தான் விட்டார். மழை நேராக அடிக்கிற கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் செங்கல் தூள் சேர்த்தார். அது ஈரத்திலும் இறுகும்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் அது கல்லாகும். மெல்லிய படலமாகப் பூசி, நனைத்து, காயவிட்டு, அடுத்த படலம் பூச வேண்டும். வெயில் நேராகப் பட்டால் வெடித்துவிடும் என்று ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். தினமும் காலையிலும் மாலையிலும் சுவருக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை என் கணவருடையது. இதை ஆள் வைத்துச் செய்யாதீர்கள், ஆள் ஒருநாள் வராமல் போனால் விரிசல் விழும். அக்கினி நட்சத்திரத்தில் பூச்சு வேலையே வேண்டாம். மாசி, பங்குனிக்குள் முடியுங்கள்.

ஆள் கணக்கையும் ஊர் நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். சிதம்பரம் பக்கத்தில் தையில் சம்பா அறுப்பு. என்னதான் இயந்திரம் வந்தாலும் அந்த நாட்களில் கூலியாள் கிடைப்பது கடினம். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் நடராஜர் தேருக்குப் போகிறவர்களை வேலைக்கு வரச் சொல்லிக் கேட்பதும் முறையில்லை. கூரையைப் பிரிப்பதை மாசியில் வைத்துக்கொண்டு, ஆடிக் காற்றுக்கு முன் மூடிவிடுவதே நல்லது.

கூரை வேலையில் எங்களுக்கு உதவி வந்தது கடற்கரைப் பக்கமிருந்து. கைமரங்கள் பார்வைக்குத் திடமாக இருந்தன. ஆனால் சுவரில் உட்கார்ந்திருக்கும் நுனிகள் பலவும் மழைநீர் இறங்கி மக்கியிருந்தன. பார்த்த தச்சர்கள் மொத்த மரத்தையும் மாற்றச் சொன்னார்கள். அந்தத் தொகை எங்கள் கையிருப்பையே விழுங்கிவிடும். பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் மரப் படகு கட்டி வந்த ஒரு பெரியவரை உறவினர் ஒருவர் அழைத்து வந்தார். ஃபைபர் படகுகள் வந்த பிறகு அவருக்குப் பழைய தொழிலில் வேலை குறைந்திருந்தது. ஒவ்வொரு கைமரத்தையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது, மக்கிய இடம் பொத்தென்றது. சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்தார்.

"கோட்டுக்கு மேல மரம் வைரமா இருக்கும்மா. நுனிதான் போயிருக்கு. படகுப் பலகைக்குப் போடற ஒட்டு போட்டுடலாம்" என்றார்.

மக்கிய நுனியை நீளச் சாய்வாக அறுத்து, அதே சாய்வில் வேறு தேக்குத் துண்டைப் பொருத்தி, மரமுளையும் போல்ட்டும் போட்டு இறுக்கினார். சாய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம் என்றார். கையால் தடவினால் ஒட்டிய இடம் தெரியாது. துண்டுகளுக்கான தேக்கு, பக்கத்து ஊரில் இடித்த வீட்டின் கதவு நிலைகளிலிருந்து கிடைத்தது. நூறு வருடம் காய்ந்த மரம் இனி முறுக்கிக்கொள்ளாது. புது மரம் வாங்குவதற்கு முன்னால் பழைய மரக்கடைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

கரையானுக்கும் ஈரத்துக்கும் அவர் சொன்ன மருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய். பண்ருட்டியும் விருத்தாசலமும் முந்திரிக்குப் பெயர் போனவை, ஆகவே நம் மாவட்டத்தில் அது கிடைக்காத பொருள் இல்லை. சுவரில் செருகும் நுனிகளுக்கு அதைத் தோய்த்துத் தோய்த்துப் பூசினார். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும். கேரளத்தின் கெட்டுவள்ளங்களுக்கும் இதே எண்ணெய்தான். ஆலப்புழைப் பக்கம் நெல் ஏற்றிப் போன அந்தப் பெரிய படகுகள், சாலையும் பாலமும் வந்ததும் வேலையிழந்து கரையில் கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, அறை தடுத்து, தங்கும் படகுகளாக மாற்ற ஆரம்பித்தார்கள். ஆணி அடிக்காமல் ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த அடிப்பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலேதான் புதிதாகக் கட்டினார்கள். பழைய பொருளில் குடியேற நினைக்கிற எவரும் பின்பற்ற வேண்டிய முறை அது. எலும்புக்கூட்டை மதியுங்கள். வசதிகளை அதற்குப் பாரமாகாமல் மேலே சேருங்கள்.

ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு ஓடு இப்போது சூளையில் கிடைப்பது அரிது. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துத் தொடங்கிய சீமை ஓடுதான் கடைகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சரிவில் கலக்க முடியாது. நாங்கள் தெருப்பக்கச் சரிவுக்கு இருந்த நாட்டு ஓடுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, கொல்லைப்பக்கச் சரிவுக்குச் சீமை ஓடு போட்டோம். பழைய ஓடு வாங்கும்போது ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து எடுங்கள். முற்றத்தைச் சுற்றி இரண்டு சரிவு சேரும் கூடுவாயில்தான் பெரும்பாலான ஒழுகல் பிறக்கும். அங்கே தகரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், அகலமாக, கனமாகப் போடுங்கள். புயலுக்கு, ஓரத்து வரிசைகளையும் முகட்டையும் சாந்து வைத்துப் பதித்தோம். காற்று முதலில் கை வைப்பது ஓரத்தில்தான்.

முற்றத்தை மூடச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். பாலிகார்பனேட் தகடு போட்டால் மழை வராது என்பது உண்மை. காற்றும் வராது, வெப்பம் உள்ளேயே தங்கும், கூடம் அடுப்பாகும். திருட்டுப் பயம் என்றால் இரும்புக் கம்பி வலை போதும்.

முற்றத்துத் தண்ணீர்தான் எங்கள் வீட்டின் மிகக் கடினமான கேள்வி. தாத்தா கட்டியபோது திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்ததாம். சாலை போடப் போட அதன் மேலேயே சாலை போட்டு, படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்து, தெரு இப்போது முற்றத்தை விட உயரம். முன்பு தெருவுக்குப் போன தூம்பு வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. தமிழ்நாடு முழுக்கப் பழைய தெருக்களில் இருக்கும் அவதி இது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை வேலை நடக்கும்போது அதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், தெருவே சேர்ந்து போங்கள்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் தூம்பின் திசையைத் திருப்பினோம். முற்றத்து மழை இப்போது மணல் வடிகட்டி வழியாகக் கொல்லைக் கிணற்றுக்குப் போகிறது. மழைநீர்ச் சேகரிப்பை 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயை நட்டு வைத்தார்கள். எங்களுக்கு அதுவே வீட்டைக் காப்பாற்றும் வழியாக ஆயிற்று. கிணறு நிரம்பும் நாளுக்கென்று ஒரு சிறு தொட்டியும் மோட்டாரும் தனியாக வைத்திருக்கிறோம்.

மின்சார விஷயத்தில் பழமையைக் காப்பாற்றாதீர்கள். மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயர்களை முழுக்கக் கழற்றிவிடுங்கள். புது எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாமல் ஓர் இரவுகூடத் தங்க வேண்டாம். ஈரச் சுவரும் பழைய வயரும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

கணவன், மனைவி இருவருமாக இறங்குகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. முதலில் கழிப்பறை, குளியலறை, ஒரு தூங்கும் அறை மூன்றையும் முடித்துவிடுங்கள். தூசியிலும் சமாளிக்கலாம், பாதிச் சமையலறையிலும் சமாளிக்கலாம், ஆனால் அவசரத்துக்கு ஒதுங்க அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் பத்தே நாளில் இருவருக்கும் பேச்சு தடித்துவிடும். வேலையாட்கள் முன்னால் இருவரும் இரண்டு விதமாகச் சொல்லாதீர்கள். நான் ஜன்னலை அகலப்படுத்தச் சொல்வேன், இவர் வேண்டாம் என்பார், மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அன்றைய கூலி வீண். அதனால் தச்சு, கூரை, தண்ணீர் மூன்றிலும் கடைசி வார்த்தை அவருடையது என்றும், சுவர், தரை, சமையலறை, கணக்கு நோட்டு என்னுடையது என்றும் பிரித்துக்கொண்டோம். மற்றவர் பகுதியில் கருத்து சொல்லலாம், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருவர் மட்டும் இருக்கும்போது.

பணத்தில், மதிப்பீட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். சுவரைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. நாங்கள் கேட்ட வங்கியில், ஓட்டு வீட்டுப் பழுதுக்குக் கடன் கிடைக்கவில்லை, இடித்துக் கட்டினால் தருவதாகச் சொன்னார்கள். எனவே ஒரே வீச்சில் முடிக்கும் எண்ணத்தை விட்டு, வருடத்துக்கு ஒரு கட்டு என்று செய்தோம். கூரைக்கும் வடிகாலுக்கும் வயரிங்குக்கும் முதல் பணம். வண்ணமும் அலங்காரமும் மிச்சத்தில்.

பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொதுச் சுவரில் உங்கள் உளிச் சத்தம் அவர்கள் அடுக்களையில் கேட்கும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் பக்கத்துச் சுவரையும் கொத்தனாரிடம் காட்டி, அதே சாந்தில் பூசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் மூச்சு விடுவதால் அந்தச் சுவர்தான் இப்போது வீட்டிலேயே நன்றாகக் காய்ந்திருக்கிறது.

நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு இடம் சொல்வேன். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திராவில், பல ஊர்களிலிருந்து பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், பூட்டுகள் புரியும். புதுச்சேரியின் வைசியாள் வீதியில், இன்டாக் அமைப்பு முன்னின்று சீர்ப்படுத்திய தமிழ் வீட்டு முகப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தெருவே சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்பதை அங்கே காணலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்குப் பூசிக் கொடுத்த கொத்தனாருக்கும் ஒட்டுப் போட்ட தச்சருக்கும் பிறகு அந்த வேலையைக் கையில் எடுக்க அவர்கள் வீட்டிலேயே ஆளில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், வீடு முழுக்க வேண்டாம், ஒரு திண்ணை, ஒரு கொல்லைச் சுவர், ஒரு கதவு நிலை என்று ஏதாவது ஒரு வேலையை அவருக்குக் கொடுங்கள். கூட ஓர் இளைஞரைக் கையாளாக அமர்த்தி, அவர் கூலியையும் நீங்களே கொடுங்கள்.